யாருடைய வருத்தம்?

வங்கி குமாஸ்தாவாக இருப்பவனுக்கு, அதிலும் ஆங்கில பி.ஏ. என்று பெயரெடுத்துவிட்டவனுக்கு, தப்பமுடியாத ஒரு வேலை உண்டு. புகார்களுக்குப் பதில் எழுதுவது. 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம்' என்ற வாக்கியத்தைப் பத்து வருஷங்களில் எத்தனை தடவை ஆங்கிலத்தில் எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. ஒரு தடவைகூட வருந்தியதில்லை. அது உறுத்தியதுமில்லை, குடும்பப் பென்ஷன் நான்கு மாதமாக நின்றுபோன ஒரு மூதாட்டி அந்தக் கடிதத்தோடு கவுண்டருக்கு வரும்வரை. பேரன் படித்துச் சொன்னானாம். "வருந்துறோம்னு போட்டிருக்காமே தம்பி, யாரு வருந்துறது?" என்று கேட்டார். கேலியில்லை. வருந்துகிற ஆளைப் பார்த்துவிட்டால் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கை. நான் மானேஜர் அறையைக் கைகாட்டினேன்.

நான் சில்லறையாகச் செய்ததை மொத்தமாகச் செய்கிற தொழிலுக்கு மக்கள் தொடர்பு என்று பெயர். அதன் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கர் ஐவி லீ, 1906இல் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டார். எங்கள் வேலை ரகசியமானதல்ல, எல்லாம் பகிரங்கமாகவே நடக்கும் என்பது அதன் சாரம். 1914இல் கொலராடோவின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் தாக்கப்பட்டன. பெண்கள், குழந்தைகள் உட்படச் சுமார் 20 பேர் இறந்தார்கள். சுரங்கக் கம்பெனியைக் கட்டுப்படுத்திய ராக்ஃபெல்லர்கள் லீயை அமர்த்தினார்கள். அவர் தயாரித்த பிரசுரங்கள் தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளத்தை ஊதிக் காட்டின. 1915இல் விசாரணைக் கமிஷன் முன் நின்றபோது, கம்பெனி கொடுத்த தகவல்களைத் தான் சரிபார்க்கவில்லை என்று லீ ஒப்புக்கொண்டார்.

லீயைக் கண்டிப்பது சுலபம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பொய்க்கு ஓர் ஆள் இருந்தான். அவனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்க முடிந்தது.

அந்த ஆளை அகற்றுவதுதான் இத்தொழில் இன்று போகிற திசை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு பத்திரிகைக் குறிப்புகளை, விளக்கங்களை, மன்னிப்புகளை யந்திரமே வரைந்து கொடுக்கிறது. மறுபக்கம், ஒரு ஸ்தாபனத்தைப் பற்றி ஜனங்கள் எழுதுவதையெல்லாம் இன்னொரு யந்திரம் வாசித்து, சாதகம், பாதகம், நடுநிலை என்று பிரித்து வைக்கிறது. கோபத்தை யாரும் வாசிக்க வேண்டியதில்லை, அதன் சதவிகிதம் தெரிந்தால் போதும். அடுத்த கட்டமும் தொடங்கிவிட்டது. ஜனங்கள் கேள்விகளை யந்திரத்திடமே கேட்கிறார்கள் என்பதால், அதன் பதிலில் தம் வாடிக்கையாளர் பெயர் நல்லவிதமாக வரும்படி எழுதுவது தனி வித்தையாகிவிட்டது. எழுதுவதும் யந்திரம், முதல் வாசகனும் யந்திரம். நடுவில் 'வருந்துகிறோம்' என்ற சொல் மட்டும் போய்வந்துகொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பத்து வருஷமாக நீ மட்டும் என்னவாக இருந்தாய்? உணராத வருத்தத்தை எழுதிய நீயும் யந்திரம்தானே? யந்திரமாவது உணர்வதாக நடிப்பதில்லை. ஏற்கனவே செத்துப்போன வாக்கியத்தை எழுத மனிதன் எதற்கு?

இதில் பாதி உண்மை. அந்த வாக்கியம் என் கையில்தான் செத்தது, யந்திரத்தின் மேல் அந்தப் பழியைப் போடமாட்டேன். ஆனால் இந்த மறுப்பு, பிரச்னை முழுவதையும் உணர்ச்சியின் தளத்தில் வைத்துவிடுகிறது. எழுதியவன் உண்மையில் வருந்தினானா என்று அந்த மூதாட்டி கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்கு யார் பொறுப்பு என்றுதான் கேட்டார். பொறுத்தல் என்றால் சுமத்தல். சொல்லைச் சுமக்க ஒரு தோள் வேண்டும். அந்தத் தோளில் ஈரம் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. நான் வருந்தாதவனாக இருந்தும், கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் அவர் கேள்வி என்மேல் வந்து விழுந்தது. வெட்கப்பட வைத்தது. யந்திரத்துக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் தார்மீகம் என்று எதையாவது சொல்வதானால் அது அந்த இடத்திலிருந்துதான் தொடங்க முடியும்.

இலக்கியக்காரர்கள் இதைப் படித்துவிட்டு வியாபாரிகளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். சென்ற மாதம் ஒரு கவிதைத் தொகுப்பின் பின்னட்டைக்கு 'தவிர்க்கமுடியாத குரல்' என்று எழுதிக் கொடுத்தேன். தவிர்த்திருக்கலாம், குரலையும் அந்த வாக்கியத்தையும். ஆனால் கீழே என் பெயர் இருக்கிறது. எந்த வாசகனும் வந்து 'யாரைய்யா தவிர்க்க முடியாமல் தவித்தது?' என்று கேட்கலாம். அந்த அளவுக்காவது விமர்சனம் உயிரோடிருக்கிறது.

அன்று கவுண்டரில் நான் செய்திருக்க வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. 'நான்தாம்மா எழுதினேன்' என்று சொல்லியிருக்கலாம். பென்ஷன் உடனே வந்திருக்காது, ஆனால் அவர் தேடி வந்த ஆள் கிடைத்திருப்பான்.

இப்போது பதில்கள் தலைமை அலுவலகத்திலிருந்து தயாராகவே வருகின்றன. பெயரும் தேதியும் சரியா என்று பார்த்து அனுப்புவது மட்டும் என் வேலை. என் ஆங்கிலத்தைவிட நல்ல ஆங்கிலம். நாளை அவர் மறுபடி வந்து கேட்டால், சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்தைக்கூட நான் சொல்ல முடியாது.