இரண்டு மான்குட்டிகளும் ஒரு முயலும்

மும்பை மாதுங்காவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் ஸத்சங்கத்திற்குத் தவறாமல் வருபவர். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்ச் மாத மாலையில், தாராவியிலிருந்து அவரிடம் கணக்குப் படிக்க வரும் இரு சிறுவர்கள் ஓர் அட்டைப்பெட்டியுடன் வாசலில் வந்து நின்றனர். சாலையோரக் குப்பைத்தொட்டியின் அருகே யாரோ வைத்துவிட்டுப் போன பெட்டி அது. உள்ளே ஒரு வெள்ளை முயல். விலா எலும்புகள் தெரிந்தன. நகங்கள் வளைந்து நீண்டிருந்தன. காதுகளின் உட்புறம் சொறி படிந்திருந்தது. "டீச்சர், வேறு யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை" என்றனர் சிறுவர்கள்.

அம்மையார் முயலை ஏற்றுக்கொண்டார். ஆனால் தமக்குத் தாமே ஒரு நிபந்தனையும் விதித்துக்கொண்டார். அதன் உடல் தேறும்வரை மட்டும் வைத்திருப்பது. பிறகு நல்ல குடும்பம் ஒன்றைத் தேடி ஒப்படைத்துவிடுவது. நன்கு பேணப்படும் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழக்கூடியது. அவருக்கோ அப்போது வயது எழுபத்திரண்டு.

ஸத்சங்கம் முடிந்த ஒரு நாள் அவர் இதைச் சொன்னபோது, நான் சற்று விளையாட்டாக, "ஜடபரதரின் கதை நினைவிருக்கட்டும் அம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படியானால், சுவாமிஜி, அந்த மான்குட்டியைப் பரதர் ஆற்றோடு போகவிட்டிருக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் கதையைப் பல மேடைகளில் சொன்னவன் நான். ஆயினும் அன்று என்னிடம் பதில் இல்லை.

பரதர் தவறியது எங்கே?

பாகவதத்தின் ஐந்தாவது ஸ்கந்தத்தில் வருகிறது அந்தக் கதை. அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்துவந்தார் பரதர். நீர் அருந்த வந்த கர்ப்பிணி மான் ஒன்று, சிங்கத்தின் கர்ஜனை கேட்டு மிரண்டு ஆற்றைத் தாண்டிப் பாய்ந்தது. குட்டி நீரில் விழுந்தது. தாய் மான் இறந்துபோனது. பரதர் குட்டியை எடுத்து வளர்த்தார். நாளடைவில் அவருடைய நியமங்கள் ஒவ்வொன்றாக நழுவின. மரண வேளையிலும் மானையே நினைத்திருந்த அவர், மறுபிறவியில் மானாகவே பிறந்தார்.

கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டால், 'கருணை ஆபத்தானது. துறவி பிற உயிர்களின் துன்பத்தைக் கண்டும் காணாமல் செல்ல வேண்டும்' என்ற விபரீதமான முடிவுக்கே நாம் வந்து சேர்வோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மூன்றாவது பிறவியில் அவர் ஜடபரதராக வாழ்கிறார். ரகூகண மன்னனின் பல்லக்கைச் சுமக்க அவரைப் பிடித்துச் செல்கிறார்கள். பல்லக்கு ஆடிக் குலுங்குகிறது. காரணம் என்ன? காலடியில் எறும்பு முதலிய உயிர்கள் நசுங்கிவிடாதபடி, முன்னே தரையைப் பார்த்துப் பார்த்து அவர் அடிவைக்கிறார்! ஆத்ம ஞானம் பெற்ற பிறகும் கருணை அவரைவிட்டு நீங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மானுக்கு மட்டும் உரியதாக இருந்த கருணை இப்போது எறும்புக்கும் உரியதாகிவிட்டது. நீங்கியது ஒன்றே ஒன்றுதான்: 'என்னுடையது' என்ற எண்ணம்.

மானை வளர்த்த காலத்தில் பரதரின் சிந்தனை எப்படி ஓடியது என்பதையும் பாகவதம் காட்டுகிறது. இந்தக் குட்டிக்கு என்னைவிட்டால் வேறு தாயோ தந்தையோ இல்லை என்று அவர் எண்ணுகிறார். ஆற்றங்கரையில் அந்த எண்ணம் உண்மையாகவே இருந்தது. அப்போது அங்கே வேறு யாரும் இல்லை. குட்டி வளர்ந்து துள்ளி ஓடத் தொடங்கிய பின்னும் அதே எண்ணம் தொடர்ந்தது. அப்போதுதான் அது பற்றாயிற்று. எடுத்தது தவறன்று, எடுத்த கையைத் திறக்க மறந்ததே தவறு.

மற்றொரு மான்குட்டி

நம் இலக்கியத்தில் இன்னொரு மான்குட்டியும் உண்டு. காளிதாசரின் சாகுந்தல நாடகத்தின் நான்காம் அங்கத்தில், கணவன் வீட்டிற்குப் புறப்படும் சகுந்தலையின் ஆடையைப் பின்னாலிருந்து ஏதோ பற்றி இழுக்கிறது. தாயற்ற நிலையில் அவள் எடுத்து வளர்த்த மான்குட்டி அது. தர்ப்பைப் புல் கிழித்த அதன் வாய்க்கு எண்ணெய் தடவி ஆற்றியவள் அவள். இனி உன்னைத் தந்தை கவனித்துக்கொள்வார் என்று அதனிடம் கூறிவிட்டு, அழுதபடியே அவள் நடக்கிறாள். அந்தத் தந்தையான கண்வரோ, கானகத்தில் கண்டெடுத்த சகுந்தலையைத் தாமே வளர்த்து, இப்போது வேறோர் இல்லத்திற்கு அனுப்பிக்கொண்டிருப்பவர். அவருக்கும் கண்கள் கலங்குகின்றன. ஆயினும் யாரும் யாரையும் பிடித்து நிறுத்தவில்லை.

பற்றின்மை என்றால் கண்ணீரே வராமை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கண்ணீர் வந்தும் வழிவிடுவதே அது என்று இந்தக் காட்சி உணர்த்துகிறது.

அன்பின் பயிற்சி

அம்மையாரிடம் திரும்புவோம். மருத்துவரிடம் சென்றபோது அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம், முயலைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பல தவறு என்பதே. கேரட் அதன் உணவல்ல. எப்போதாவது ஒரு துண்டு போதும். புல்லும் உலர்புல்லுமே முக்கிய உணவு. வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் அதன் பற்களைத் தேய்ப்பதும், குடலை இயங்கவைப்பதும் புல்தான். அரை நாள் உண்ணாதிருந்தாலும் அதன் உயிருக்கு ஆபத்து நேரலாம். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வாரி அணைப்பதும் அதற்கு இன்பமல்ல. வேட்டையாடப்படும் இனத்தில் பிறந்த அதற்கு, தரையிலிருந்து தூக்கப்படுவது பருந்தின் பிடியில் சிக்குவதைப் போன்றது. மிரண்டு உதைத்துத் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளவும் கூடும்.

நாம் அன்பு என்று நினைத்துச் செய்வது அடுத்த உயிருக்கு அச்சமாக இருக்கலாம்! ஆகவே அம்மையார் நாள்தோறும் அதே நேரத்தில் தரையில் அமர்ந்து ஜபமாலையை உருட்டுவார். முயல் தானாக அருகில் வரும்வரை கையை நீட்டமாட்டார். பதினோராம் நாள் அது வந்து அவரது புடவை நுனியை முகர்ந்தது. மே மாத வெயிலில், உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அதன் அருகில் வைத்தார்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரும் பாடமாக அமைந்தது. தம்மிடம் மட்டும் முயல் பழகிவிடக் கூடாது என்று, அக்கம்பக்கத்தாரையும் அந்தச் சிறுவர்களையும் முறைவைத்துப் புல் ஊட்டச் செய்தார். தம்மைத் தேவையற்றவராக்கிக்கொள்வதற்குத் தாமே முயன்றார்.

"போரிவலிக் காட்டில் விட்டுவிடலாமே, அதுதானே விடுதலை?" என்றார் ஒருவர். வீட்டு முயல் ஐரோப்பிய இனத்தின் வழிவந்தது. நம் நாட்டுக் காட்டுமுயல் வேறு. காட்டில் விடப்பட்ட வீட்டு முயல் உயிர்தப்புவது அரிது. துறப்பது வேறு, கைவிடுவது வேறு. அட்டைப்பெட்டியைச் சாலையோரம் வைத்தவரும் ஒரு வகையில் 'விட்டவர்'தானே! பட்டினியால் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் குற்றம் என்றே கூறுகிறது.

முதலில் கேட்டு வந்த குடும்பம், பிறந்தநாள் பரிசாகக் குழந்தைக்குத் தர விரும்பியது. அம்மையார் மறுத்தார், அவர்கள் மனம் வருந்திச் சென்றனர். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. "நான் மறுத்தது முயலுக்காகவா, எனக்காகவா?" என்று என்னிடம் கேட்டார். இருவரும் யோசித்து ஓர் உரைகல்லைக் கண்டோம். மறுப்பதற்கான காரணம் எந்த முயலுக்கும் பொருந்துமானால் அது பொறுப்பு. இந்த முயலுக்கு மட்டுமே பொருந்துமானால் அது பற்று. பரிசுப் பொருளாக உயிரைத் தரலாகாது என்பது எந்த முயலுக்கும் பொருந்தும். ஆனால் அடுத்து வந்த செம்பூர்க் குடும்பத்திடம் அவர் கண்ட குறை, "அவர்கள் அதிகம் பேசுகிறார்கள்" என்பது. அதைச் சொல்லும்போதே அவர் சிரித்துவிட்டார்.

ஜூன் மாதம், முதல் மழைக்குப் பின், முயல் செம்பூர் சென்றது. மூன்று நாட்கள் கட்டிலுக்கு அடியிலேயே பதுங்கியிருந்தது. நான்காம் நாள் அந்த வீட்டுச் சிறுமியின் கையிலிருந்து புல்லை உண்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. "அழுகை வந்தது, சுவாமிஜி. ஆனால் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றவில்லை" என்றார் அம்மையார். அவரது கேள்விக்கான பதிலை நான் சொல்வதற்கு முன் அவரே வாழ்ந்து காட்டிவிட்டார்.

நம் பிள்ளைகளும், மாணவர்களும், வகிக்கும் பதவிகளும் ஒரு காலத்திற்கு நம் பொறுப்பில் வந்தவர்களே, வந்தவையே. 'என்னைவிட்டால் யார்?' என்ற கேள்வி நம்முள் எழும்போதெல்லாம் சற்று நின்று, 'ஆற்றங்கரையில் உண்மையாக இருந்த இது, இன்றும் உண்மைதானா?' என்று கேட்டுப் பார்ப்போம். உண்மை என்றால் முழு மனத்துடன் பேணுவோம். இல்லை என்றால், தகுந்த கைகளைத் தேடி ஒப்படைப்போம்.