கேட்காமல் விட்ட கேள்வி

காய்கறிக் கடையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், கடைக்கார அம்மா அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கல்லாவில் போடுகிறார். 'என்னை நம்பவில்லையா?' என்று யாரும் அவரிடம் சண்டைக்குப் போவதில்லை. வங்கியில், இ-சேவை மையத்தில், வேலைக்குச் சேரும் இடத்தில் என்று எங்கு போனாலும் 'வெரிஃபை பண்ணணும்' என்கிறார்கள். மறுபேச்சு பேசாமல் ஆவணத்தை எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் செல்போனில் வந்த செய்தியையோ சாமியார் சொன்ன வாக்கையோ கொஞ்சம் சரிபார்க்கலாம் என்று ஒருவர் சொல்லட்டும், நமக்கு முகம் சிவந்துவிடுகிறது. ஐந்நூறு ரூபாய்க்குக் கொடுக்கும் மரியாதையைக்கூட நாம் உண்மைக்குக் கொடுப்பதில்லை.

'வெரிஃபை' என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'வேருஸ்' என்றால் உண்மை, 'ஃபாகெரே' என்றால் செய்தல். சொல்லப்பட்டது உண்மைதானா என்று சோதித்து அறிவது இன்றைய பொருள். அதன் பக்கத்திலேயே புழங்கும் இன்னொரு சொல் 'கன்ஃபார்ம்'. உறுதியைக் குறிக்கும் 'ஃபிர்முஸ்' என்ற வேரிலிருந்து வந்தது. பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். ரயில் பயணத்தை நினைத்தால் வேறுபாடு விளங்கும். டிக்கெட் கன்ஃபார்ம் ஆகிவிட்டது என்றால் மனம் நிம்மதியாகிறது. வண்டியில் பரிசோதகர் அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பதுதான் வெரிஃபை. 'இது நீங்கள் இல்லை' என்ற முடிவுக்கும் அவர் இடம் வைத்திருக்கிறார். அந்த இடம் இல்லாத சோதனை சோதனையே ஆகாது.

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலைகள் பால் குடிப்பதாக நாடு முழுக்கச் செய்தி பரவியது. வரிசையில் நின்ற லட்சக்கணக்கானோர் பால் நிறைந்த கரண்டியைத் தும்பிக்கையில் வைத்துச் சாய்த்தார்கள். பால் குறைந்தது. கண்ணால் கண்டோம் என்று வீடு திரும்பினார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை விஞ்ஞானிகள் டெல்லியில் ஒரு கோயிலுக்குப் போய், பாலில் நிறம் கலந்து அதே கரண்டியை அதே போல வைத்தார்கள். பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து கிளம்பிய பால், மெல்லிய படலமாகச் சிலையின் மேல் வழிந்து கீழே இறங்கியதை நிறம் காட்டிக்கொடுத்தது. கூட்டம் பார்த்ததும் பொய்யில்லை, கரண்டியில் பால் குறைந்தது உண்மைதான். 'குறைந்த பால் எங்கே போனது?' என்ற அடுத்த கேள்வியைத்தான் அந்தக் கூட்டம் கேட்கவில்லை.

அன்று வீணானது பால். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே போனது ஓர் உயிர். குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் நுழைந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம். குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு காரில் வந்த 65 வயது மூதாட்டி, வழியில் கண்ட பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவரையும் உடன் வந்தவர்களையும் கூட்டம் சூழ்ந்து அடித்தது. அவர் இறந்துபோனார். அந்த ஆண்டு இப்படிச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுக்கப்பட்ட படம். பிள்ளையைத் தூக்கிச் சென்றவர்களே திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாட்டை அறிவித்தது. நம் விரலை அடக்க இயந்திரம் தேவைப்பட்டது.

வதந்தியை அனுப்பியவர்களைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்? நாம் தினமும் சொல்வதைத்தான்: 'எனக்கு வந்தது, நாலு பேருக்கு உதவட்டும் என்று அனுப்பினேன்.' இந்தப் பதிலை நான் ஏற்கமாட்டேன். சரிபார்க்க வழியிருந்தும் பார்க்காமல் அடுத்தவர் கையில் கொடுப்பவர், கள்ள நோட்டு என்று தெரியாமலே மாற்றியவரைப் போன்றவர் அல்லர்; உரசிப் பார்க்காமலே மாற்றுவேன் என்று முடிவெடுத்தவர். நல்லெண்ணம் அந்தப் பொறுப்பைக் கழுவிவிடாது. நம்பிக்கை என்ற பெயரும் கழுவாது. உண்மையான நம்பிக்கை சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சுகிறது என்றால், அதற்குள் இருப்பது என்ன என்று நமக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று பொருள்.

நமக்குப் பிடிக்காதவர் சொன்னதைத் துருவித் துருவிச் சோதிக்கிறோம். பிடித்தவர் சொன்னதையும், நம் சாதிக்கும் மதத்துக்கும் கட்சிக்கும் இனிப்பதையும் அதே கண்ணால் பார்த்தால்தான் பகுத்தறிவு என்ற சொல்லை வாயெடுத்துச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

போளூர்ச் சாலையில் அன்று வெரிஃபை செய்ய ஆய்வகம் வேண்டியிருக்கவில்லை. 'எங்கேம்மா போறீங்க?' என்று ஒருவர் கேட்டு, பதில் வரும்வரை கையைக் கீழே வைத்திருந்தால் போதும். குலதெய்வக் கோயிலுக்கு என்று அந்த அம்மா சொல்லியிருப்பார்.