துயரப் பனியில் சிறு மகிழ்ச்சி தகுமா?

துன்பம் வந்துற்ற காலத்தில் மனிதன் மகிழலாமா? இழவு விழுந்த வீட்டில் அத்தர் மணக்கலாமா? அண்டை வீட்டு அடுப்பு எரியாத நாளில் நம் வீட்டுப் பிள்ளை பாட்டுக் கேட்டுத் தலையாட்டலாமா? கேட்பதற்கு எளிய வினாக்கள்தாம். ஆயினும், ஈரமுள்ள எந்த நெஞ்சமும் வாழ்வில் ஒரு நாளேனும் இவ்வினாக்களின் முன் திகைத்து நின்றே தீரும்.

உலகம் இதற்கு இரண்டு விடைகளைச் சொல்லி வருகிறது. துயரத்தின் நடுவே இன்பம் நாடுவது கல்நெஞ்சம் என்பது ஒன்று. வாழ்வோ சில நாள், அழுது என்ன பயன், மறந்துவிட்டு மகிழ்க என்பது மற்றொன்று. முன்னது இரக்கத்தின் குரல்போல் ஒலிக்கிறது. பின்னது அறிவின் குரல்போல் ஒலிக்கிறது. இரண்டிலும் பாதி உண்மையே உண்டு. மீதிப் பாதியைத் தேடிக் காண்பது நம் கடமை.

தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. கொங்கு நாட்டில் இப்பொழுதுகள் உயிரை வாட்டுவன அல்ல. மேற்கு மலைகள் பனிமூட்டத்துள் மறைந்து விடியும். வாசல்களில் கோலம் மலரும். அவரையும் மொச்சையும் சந்தையை நிறைக்கும். இயற்கை இந்நாட்டாரிடம் இரக்கமாகவே நடந்துகொள்கிறது. ஆனால், ஒரு பருவம் கொடியதாவது காற்றினால் மட்டும் அன்று, மனிதராலும் ஆகும்.

கோவை மாநகரம் 1997-98 ஆம் ஆண்டின் குளிர்காலத்தை மறக்கவில்லை, மறக்கவும் இயலாது. 1997 நவம்பர் 29 அன்று, பணியிலிருந்த போக்குவரத்துக் காவலர் ஒருவரை நம் சமுதாயத்து இளைஞர் சிலர் கொன்றனர். அதனைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். கடைகள் சூறையாடப்பட்டன, எரிந்து சாம்பலாயின. பின்னர், 1998 பிப்ரவரி 14 அன்று நகரின் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 உயிர்கள் மாய்ந்தன. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கூதிரில் தொடங்கிய கொடுமை, முன்பனி முழுவதும் புகைந்து, பின்பனியின் வாசலில் மீண்டும் வெடித்தது.

அந்த இரு கொடுமைகளுக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் புனித ரமலான் வந்தது. 1998 ஜனவரி நோன்பின் மாதமாயிற்று. மார்கழி கழிந்து தைப் பொங்கலும் அம்மாதத்திற்குள்ளேயே வந்தது. ஜனவரி இறுதியில் ஈதுப் பெருநாள் வந்தது. மகனை இழந்த ஒரு தாயை, கடையைச் சாம்பலாகக் கண்ட ஒரு தந்தையை, அந்தப் பெருநாள் காலையில் எண்ணிப் பாருங்கள். இளைய பிள்ளை புத்தாடை கேட்கிறது. பக்கத்து வீட்டில் சேமியா கொதிக்கும் மணம் வருகிறது. அந்தத் தாய் என்ன செய்வாள்? பிள்ளையின் தலையில் எண்ணெய் வைத்துச் சீவி விடுவது இறந்தவனுக்கு இழைக்கும் துரோகமா? தத்துவ நூல்களில் எழும் கேள்வி அன்று இது. அடுப்பங்கரையில் எழும் கேள்வி.

துயரத்தைப் பழிப்பதற்கு மார்க்கம் நமக்கு இடந்தரவில்லை. யூசுஃபை இழந்த யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போயின என்று திருமறை கூறுகிறது. அருமை மகன் இப்ராஹீமைப் பறிகொடுத்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. துக்கம் என்பது அன்பின் நிழல். அன்பு உள்ளவரை அதுவும் உண்டு.

எனினும், துக்கத்திற்கும் ஓர் எல்லையை மார்க்கம் வகுத்தது. அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் தந்தை அபூஸுஃப்யான் (ரலி) மறைந்த மூன்றாம் நாள், அன்னையவர்கள் மஞ்சள் நிற நறுமணப் பொருளைக் கொண்டுவரச் செய்து, கன்னங்களிலும் கைகளிலும் பூசிக்கொண்டார்கள். மணத்தின் மீது எழுந்த ஆசையால் அன்று. கணவனுக்கன்றி வேறு எவருக்காகவும் ஒரு பெண் மூன்று நாட்களுக்கு மேல் துக்கம் காத்தல் கூடாது என்ற நபிமொழியை நிறைவேற்றும் பொருட்டே பூசிக்கொண்டதாக அவர்களே விளக்கினார்கள்.

இந்நிகழ்ச்சியின் நுட்பத்தை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். நெஞ்சில் துயரம் ஆறவில்லை. ஆயினும் கை நறுமணத்தை எடுக்கிறது. மகிழ்ச்சி இங்கே உணர்ச்சியாக வரவில்லை, கடமையாக வருகிறது. மனம் விரும்பும்வரை காத்திராமல், வாழ்வின் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கும் பயிற்சியாக வருகிறது. கோவை ஒப்பணக்காரத் தெருவில் உள்ள அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல் தன் பெயரிலேயே நறுமணத்தைச் சுமந்து நிற்கிறது. வெள்ளியன்று ஒரு துளி அத்தரைப் புறங்கையில் தடவிக்கொள்ளும் நம் வழக்கத்தில் அழகு மட்டும் அன்றி, இத்தகைய ஆறுதலும் அடங்கியிருக்கிறது.

மணத்தைப் போன்றதே சுவையும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் குடும்பத்தில் மரணம் நேர்ந்தால், கூடிய பெண்கள் கலைந்து சென்று நெருங்கியோர் மட்டும் எஞ்சியபின், தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சச் சொல்வார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு இதம் தரும், துக்கத்தில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அறிவித்தார்கள். முழுத் துக்கத்தையும் போக்கும் என்று சொல்லவில்லை; ஒரு பகுதியைப் போக்கும் என்றே சொன்னார்கள். எவ்வளவு அளவான, எவ்வளவு நேர்மையான வாக்குறுதி! சிறு மகிழ்ச்சிகளின் தகுதியும் அதுவே. இறந்தவனை அவை மீட்டுத் தரமாட்டா. எரிந்த கடையைக் கட்டித் தரமாட்டா. நெஞ்சின் இறுக்கத்தைச் சற்றே தளர்த்தும், அவ்வளவுதான்.

நம் நோன்புக் கஞ்சியை இந்தக் கண்கொண்டு பார்த்தால் அதன் பெருமை புலப்படும். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் சேர்ந்து குழைய, தேங்காய்ப்பாலும் மல்லி புதினாவும் மணக்க, பெரிய அண்டாவில் அது கொதிக்கிறது. அஸருக்குப் பின் தூக்குச்சட்டிகளுடன் சிறுவர் சிறுமியர் வரிசையில் நிற்கின்றனர். சகோதர சமயத்தாரும் வந்து வாங்கிச் செல்கின்றனர். தம் வீட்டு நோயாளிக்கென்று கேட்டுப் பெறுவோரும் உண்டு. பனிக்காலத்து மாலையில் ஆவி பறக்கும் ஒரு கிண்ணக் கஞ்சி! இதில் ஆடம்பரம் ஏதும் இல்லை. ஆனால், பட்டினியை மட்டுமா அது தீர்க்கிறது? தனிமையையும் தீர்க்கிறது.

இங்கு ஒரு தடை எழலாம். கஞ்சி பசிக்கு மருந்து. ஆகவே அதைக் குறை சொல்வாரில்லை. கவிதையும் பாட்டும் அப்படியா? வயிறு காயும் காலத்தில் கலை எதற்கு?

இதற்கு விடை சொல்லத் தகுதி பெற்றோர் லெனின்கிராடு நகரத்தார். 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் அந்நகரை வளைத்துக்கொண்டன. 1944 ஜனவரியில்தான் முற்றுகை முழுமையாக நீங்கியது. முதற் குளிர்காலத்தில், தொழிலாளர் அல்லாதோருக்கு நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டியே கிடைத்தது. அதுவும் கலப்பட மாவில் ஆனது. மக்கள் பசியால் தெருவிலேயே விழுந்து மடிந்தனர். அந்த டிசம்பரில், ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் கீழைமொழி அறிஞர்கள் கூடி, ஹெராத் நகரத்து முஸ்லிம் பெருங்கவிஞர் அலிஷேர் நவாயியின் 500 ஆம் பிறந்த ஆண்டை விழாவாகக் கொண்டாடினர். நிக்கோலாய் லெபெதேவ் என்ற அறிஞர் தாம் மொழிபெயர்த்த நவாயியின் கவிதைகளைப் படித்தார். பசியால் நலிந்திருந்த அவர் அதன்பின் நெடுநாள் வாழவில்லை.

நவாயியின் கவிதை அவர்களுக்கு ரொட்டி தரவில்லை. எனினும், முற்றுகையிட்டவன் அவர்களை வெறும் வயிறுகளாக்கிவிட விரும்பினான். அவர்கள் மனிதராகவே இருந்தனர். அண்டை இனத்தான் ஒருவனின் அழகிய சொல்லைக் கேட்டுத் தலையசைக்கும் ஆற்றல் தம்மிடம் எஞ்சியிருக்கிறது என்று காட்டினர். துயரக் காலத்தில் கலை செய்யும் பணி இதுவே.

இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலை அன்று. பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதையும், நபி (ஸல்) அவர்களின் தோளுக்குப் பின் நின்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை அதனைக் கண்டு களித்ததையும் அனைவரும் அறிவர். வளர்த்த சிட்டு இறந்து வாடியிருந்த ஒரு சிறுவனிடம், அந்தச் சிட்டைப் பற்றியே எதுகைபட விளையாட்டாகக் கேட்டவரும் நம் நாயகமே. களிப்புக்கு இடமளித்த மார்க்கம் இது.

அப்படியாயின் எந்த மகிழ்ச்சியும் எப்போதும் தகுமா? தகாது. மறந்துவிட்டு மகிழ்க என்று சொல்வோரிடம் நாம் விலகி நிற்பது இங்கேதான். கதவைச் சாத்திக்கொண்டு துய்க்கும் இன்பம், அழுகின்றவன் செவியில் விழும் சிரிப்பு, கடனுக்கு வாங்கிக் காட்டும் ஆடம்பரம் ஆகியவை நெஞ்சை மரத்துப்போகச் செய்வன. குழம்பு காய்ச்சினால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் எண்ணுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபிகளார் அறிவுரை கூறினார்கள். மகிழ்ச்சிக்கும் அதுவே உரைகல். நீர் கூட்டிப் பகிரக்கூடியதாய் அது இருக்கட்டும். மனைவி மக்களோடு இருக்கையில் இறைநினைவு தளர்கிறதே என்று கலங்கி வந்த ஹன்ளலா (ரலி) அவர்களுக்கு, அதற்கொரு நேரம் இதற்கொரு நேரம் என்று ஆறுதல் சொல்லப்பட்டது. மகிழ்ச்சி கடமையை விட்டு ஓடும் வழியாகாமல், கடமைக்குத் திரும்பும் வழியில் ஒரு நிழலாய் இருத்தல் வேண்டும்.

இவ்வளவும் எதற்காக என்று கேட்கலாம். சிரிப்பையே துரோகமென்று விலக்கும் ஒரு வீட்டில், பிள்ளைக்கு முன்னோர் விட்டுச் செல்லும் சொத்து காயம் ஒன்றுதான். அந்தக் காயத்துக்குப் பழி என்ற ஒரே மருந்தைக் காட்டி அழைப்போர் எக்காலத்தும் தெருமுனையில் காத்திருப்பர். பிப்ரவரி 14 அன்று மாண்ட 58 பேரும் அந்த மாசிக் காலையில் தத்தம் வீட்டில் ஏதோ ஒரு சிறு இன்பத்தோடு புறப்பட்டவர்களே. ஒரு குவளைத் தேநீரின் அருமையை அறிந்தவன், அடுத்தவன் வீட்டுத் தேநீரின் அருமையையும் அறிவான். அதை அறிந்த கை எளிதில் தீயை எடுக்காது.

ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2030 ஜனவரியில் அது மீண்டும் மார்கழி தைப் பனிக்குள் வரவிருக்கிறது. அவ்விடியலில் ஒரு தெருவில் பஜனைப் பாட்டும், அடுத்த தெருவில் ஸஹருக்கு எழுப்பும் பக்கீரின் தப்ஸ் ஒலியும் சேர்ந்து கேட்கலாம். 1998 இல் பிறந்திராத பிள்ளைகள் அன்று கஞ்சி வரிசையில் நிற்பார்கள். அன்றைய இழப்புகளை அவர்களுக்கு நாம் சொல்லத்தான் வேண்டும்; மறைத்தல் ஆகாது. ஆனால், சொல்லும்போது அவர்கள் கையில் ஒரு சூடான கிண்ணத்தையும் கொடுப்போமாக. இன்னொன்றை அண்டை வீட்டுக்கு அவர்கள் கையாலேயே கொடுத்தனுப்புவோமாக.