கைடுகளின் தயவில்

புது நாவல் வந்ததும் எழுத்தாளர் ஊர் ஊராகப் போய்ப் புத்தகக் கடைகளில் வாசகர்களைச் சந்திப்பது நம்மிடையே அண்மையில்தான் வேர்பிடித்த வழக்கம். தமிழ்ப் பதிப்புலகுக்கு ஆண்டுக்கு ஒரே மாதம், அது ஜனவரி. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியை முன்வைத்துத்தான் நாவல்கள் எழுதி முடிக்கப்படுகின்றன, அவசரமாக அச்சாகின்றன, பத்து விழுக்காடு கழிவில் விற்கின்றன. அரங்கில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட எழுத்தாளருக்குப் பிப்ரவரியில் வேலையில்லை. மீதிப் பதினோரு மாதத்தை நிரப்ப இந்தக் கடைப் பயணம் வந்திருக்க வேண்டும். “நாலு ஊருக்குப் போய்ட்டு வந்தீங்கன்னா புக்கு கொஞ்சம் நகரும் சார்” என்றார் என் பதிப்பாளர். நகரும் என்றாரே தவிர, விற்கும் என்று சொல்லவில்லை. நேர்மையான மனிதர்.

எவ்வளவு நகரும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நூலக ஆணையை நம்பி முதல் பதிப்பே 1,200 படி அச்சிட்ட காலம் ஒன்று இருந்தது. தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்தபிறகு ஒரு நாவலுக்கு 300 படி என்பதே கௌரவமான எண்ணிக்கை ஆகிவிட்டது. 400 ரூபாய் விலை, பத்து விழுக்காடு உரிமைத்தொகை என்றால், அத்தனையும் விற்றுத் தீர்ந்தபின் எழுத்தாளர் கைக்கு 12,000 ரூபாய் வரும். திருநெல்வேலி, மதுரை, தஞ்சாவூர், கோவை என்று ஒரு சுற்றுச் சுற்றினால் பஸ்ஸும் லாட்ஜும் சாப்பாடும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஒரு கூட்டத்தில் பத்துப் படி விற்றால் எழுத்தாளரின் பங்கு 400 ரூபாய். இவ்வளவும் தெரிந்தேதான் கிளம்புகிறோம். பணத்துக்காகப் போகவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வேறு எதையும் சொல்லவும் முடியாது.

சார்லஸ் டிக்கன்ஸுக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. 1867 டிசம்பர் முதல் 1868 ஏப்ரல் வரை அமெரிக்க நகரங்களில் தம் கதைகளை மேடையேறி வாசித்தார். டிக்கெட்டுக்காக மக்கள் குளிரில் வரிசை கட்டி நின்றார்கள். ஏறத்தாழ 19,000 பவுண்டோடு ஊர் திரும்பினார். ஆனால் அடுத்த சுற்று இங்கிலாந்தில் நடந்துகொண்டிருக்கும்போதே, 1869 ஏப்ரலில், உடம்பு தாங்காமல் விழுந்தார். மருத்துவர் பயணத்தை நிறுத்தினார். 1870 ஜூனில், 58 வயதில், இறந்துபோனார். கூட்டம் ஓர் எழுத்தாளரை எந்த அளவுக்குத் தேய்த்துவிடும் என்பதற்கு அவர் உதாரணம். தமிழ் நாவலாசிரியர்களுக்கு அந்த ஆபத்து இல்லை.

நமக்கான முன்னோடி சி.சு. செல்லப்பா. 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியவர், தாம் வெளியிட்ட புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய் விற்றார். எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் கூடப் போயிருக்கிறார். அந்தச் சுமையைத் தியாகம் என்று சொல்லி நாம் சிலிர்த்துக்கொள்கிறோம். எனக்கு அதில் வியாபாரத் தெளிவுதான் முதலில் தெரிகிறது. படிக்கக்கூடியவர் எங்கே இருக்கிறார் என்று யோசித்து அங்கே போய் நின்றார். வாங்கினால் காசு, வாங்காவிட்டால் அடுத்த கல்லூரி. அவர் விற்பவராகப் போனார். நாங்கள் விருந்தாளிகளாகப் போகிறோம்.

அந்த விருந்து எப்படியிருக்கும் என்பதற்குத் தென்மாவட்ட நகரம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பஸ் நிலையத்தை ஒட்டிய கடை. பக்கத்து டீக்கடையிலும் தையற்கடையிலும் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் பிளெக்ஸ், அதில் நாவலின் பெயர் சரியாக இருந்தது, என் பெயரில் மட்டும் ஓர் எழுத்து கூடியிருந்தது. கூட்டத்துக்காகக் கடையை அடைக்க முடியாது; மாலை ஆறு மணிதான் வியாபார நேரம். மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்த நாவல் என்னை எழுதவைத்த விதம் பற்றி நான் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் நேராக என்னிடம் வந்து, “அண்ணா, குரூப் ஃபோர் புது சிலபஸ் புக்கு வந்துடுச்சா?” என்று கேட்டாள். கடையில் நின்றுகொண்டு பேசுகிறவர் கடை ஆள் என்று நினைத்ததில் தப்பு என்ன? கடைக்காரரைப் பார்த்தேன். பின்னால் இரண்டாவது வரிசை என்று கை காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். அன்று என் கையால் விற்ற முதல் புத்தகம் அதுதான்.

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுதுகிறவர்கள். மற்றவர்களில் ஒருவர் இது என் சொந்தக் கதையா என்று கேட்டார். இன்னொருவர் சினிமாவுக்குக் கேட்டிருக்கிறார்களா என்றார். போட்டோ எடுத்துக்கொண்டோம். கவிஞர்கள் தங்கள் தொகுப்புகளைக் கையெழுத்திட்டுத் தந்தார்கள். கொண்டுபோனதைவிடக் கனமான பையோடுதான் ஊர் திரும்பினேன்.

எல்லோரும் போனபின், நாற்காலிகளை அடுக்கியபடியே கடைக்காரர் தம் கணக்கைச் சொன்னார். கடையை நடத்துவது கைடு, வினாத்தாள் தொகுப்பு, போட்டித் தேர்வுப் புத்தகங்கள். அடுத்தது சமையல், ஜோதிடம், பஞ்சாங்கம். நாவல் என்றால் ‘பொன்னியின் செல்வன்’. நாட்டுடைமையானதால் ஆளுக்கொரு மலிவுப் பதிப்பு போட்டிருக்கிறார்கள். 1954இல் மறைந்த கல்கி, எந்தக் கடைக்கும் வந்து பேசாமலே எங்கள் எல்லோரையும்விட அதிகம் விற்கிறார். உயிரோடிருப்பவர்களின் நாவல் ஒன்று ரேக்கில் இரண்டு வருஷம் இருக்கும், அட்டை வெளுக்கும். வாசகர் வருவார், எடுத்துப் புரட்டுவார், செல்போனில் அட்டையைப் படம் பிடித்துக்கொள்வார். வாங்குவது ஆன்லைனிலோ மாவட்டப் புத்தகத் திருவிழாவிலோ. “அந்த ரேக்கை எடுத்துட்டு நோட்டு, பேனா வெச்சா பாதி வாடகை வந்துடும் சார். ஆனா புத்தகக் கடைன்னு போர்டு வெச்சுட்டு அது இல்லாம எப்படி?” என்றார். பில் போடும் நேரம் பார்த்துத் தம் நாவலை முன்வரிசைக்கு மாற்றிவிட்டுப் போகும் எழுத்தாளர்களையும் அவருக்குத் தெரியும். “பாக்காத மாதிரி இருந்துடுவேன். அவங்க பஸ் ஏறினப்புறம் எடுத்து வெச்சுக்குவேன்.”

கைடு கலாச்சாரத்தைக் கண்டித்து நாங்கள் எழுதாத கட்டுரை இல்லை. மனப்பாடம் ஒரு தலைமுறையின் வாசிப்பைக் கொன்றுவிட்டது என்று மேடைதோறும் சொல்கிறோம். அது பொய்யும் இல்லை. ஆனால் அரசு வேலைக்குப் படிக்கும் அந்தப் பெண் கைடுக்குக் கொடுத்த பணத்தில்தான் என் நாவல் இருக்கும் ரேக்குக்கு வாடகையும் கரண்ட் பில்லும் போகின்றன. வாசகர்கள் தாங்கவில்லை, விமர்சகர்கள் தாங்கவில்லை. நாவல் என்றொன்று எழுதப்படுவதையே அறியாத ஆயிரக்கணக்கான தேர்வர்கள் தாங்குகிறார்கள். அவர்கள் வேலை கிடைத்தபின் படிக்க வருவார்கள் என்று நம்பலாம். கடைக்காரர் அப்படி நம்புவதாகச் சொல்லவில்லை.

உரிமைத்தொகை வரவில்லை என்றால் எழுத்தாளர் பதிப்பாளரைக் கேட்கிறார். பதிப்பாளர் கடைகளின் பாக்கியைக் காட்டுகிறார். கடைக்காரர் விற்காத படிகளைக் காட்டுகிறார். இந்த வரிசையில் நஷ்டம் என்று தெரிந்தே இடம் கொடுத்திருப்பவர் கடைசி ஆள் ஒருவர்தான். நாங்கள் எழுதாமல் இருக்க முடியாமல் எழுதுகிறோம். அவருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. ஆனாலும் இலக்கியப் புரவலர் என்று அவரை மேடைக்கு அழைத்தவர் யாருமில்லை. அன்றைய கூட்டத்திலும் பொன்னாடை எனக்குத்தான் போர்த்தினார்கள். அதை வாங்கியதும் அவர் காசில்தான்.