சிறுவர் சண்டையும் பெரியோர் கடமையும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் மக்தப் விட்டு வரும் பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள். கோலியிலோ கிரிக்கெட்டிலோ தகராறு வந்தால் "காய்" விட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். மறுநாள் பார்த்தால் "பழம்" விட்டுத் தோளில் கை போட்டிருப்பார்கள். யாரும் பஞ்சாயத்துச் செய்யவில்லை. தவறு யாருடையது என்ற தீர்ப்பும் இல்லை. முதலில் ஆடுவது யார் என்பதற்குச் சா பூ த்ரி. அழுதுகொண்டே பின்னால் வரும் தம்பிக்கு "ஒப்புக்குச் சப்பாணி" என்று ஓர் இடம். அவன் அவுட்டாகவும் மாட்டான், ஒதுக்கப்படவும் மாட்டான். (பெயர்தான் அழகாக இல்லை, ஏற்பாடு அழகானது.)

கோலியாடும் சிறுவர்களைக் கூர்ந்து கவனித்த ஸ்விட்சர்லாந்து அறிஞர் பியாஜே, ஆட்டத்தின் விதி என்பது தாங்களே கூடி ஒப்புக்கொண்டதுதான் என்பதைப் பிள்ளைகள் வளர வளர உணர்கிறார்கள் என்று 1932இல் எழுதினார்.

தீர்ப்பில்லாத சமாதானம் சமாதானமாகுமா? மனத்தாங்கலைப் பொறுத்தவரை ஆகும். சகோதரனிடம் மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது ஆகாது, இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. யார் பக்கம் நியாயம் என்று முடிவான பிறகுதான் ஸலாம் என்று அங்கே நிபந்தனை இல்லை.

ஆனால் வலுத்தவன் இளைத்தவனின் கோலிகளைப் பிடுங்கிக்கொண்டான். இளைத்தவனோ வேறு கூட்டாளி இல்லாததால் தானே வந்து "பழம்" விடுகிறான் என்றால்? அது இணக்கமல்ல, இயலாமை. அங்கே ஒருவனுடைய ஹக் நிற்கிறது. பெரியவர்கள் தலையிட வேண்டிய இடம் அதுவே.

நாமோ தலையிடக் கூடாத விதத்தில் தலையிடுகிறோம். பிள்ளைகள் கூடிவிட்ட பிறகும் தாய்மார்கள் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். முஹாஜிர்களில் ஓர் இளைஞரும் அன்ஸாரிகளில் ஓர் இளைஞரும் சண்டையிட்டு, இருவரும் தத்தம் கூட்டத்தாரைக் கூவி அழைத்தனர். அதை அறியாமைக் காலத்து அழைப்பு என்று கண்டித்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். இரு இளைஞர்களின் அடிதடிதான் என்று தெரிந்ததும், அதைப் பெரிதுபடுத்தாமல், சகோதரன் அநீதி செய்தாலும் அநீதிக்கு ஆளானாலும் அவனுக்கு உதவ வேண்டும் என்றார்கள். அநீதி செய்பவனுக்கு உதவுவது என்றால் அவனைத் தடுப்பது!

அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தடுப்பது எளிது. நம் மகனின் சட்டைப் பையில் பிறர் கோலி இருந்தால், அவனை அழைத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கச் செய்வதுதான் கடினம். அதைச் செய்துவிட்டுத் திரும்பிவிடலாம். "பழம்" விடுவது எப்போது என்பதை அவர்களே பேசிக்கொள்வார்கள்.