எதிரே வருகிறவன்

விதி என்பது ஒழுக்கமா, வெறும் ஏற்பாடா என்ற கேள்வியை நான் புத்தகங்களில்தான் சந்தித்திருந்தேன். சென்ற ஆடியில் கொல்லிமலைச் சாலையில் அது ஒரு பெண்ணின் முழங்காலில் ரத்தமாக வந்து நின்றது. அதற்குப் பிறகு இந்த விசாரம் எனக்குச் சௌகரியமான ஒன்றாக இல்லை.

இங்கிலாந்தில் இருபது வருஷங்களாக இருக்கும் என் பெரியப்பா மகன் வந்திருந்தார். என் பழைய காரை அவரே ஓட்டினார். அவரிடம் அந்நாட்டு உரிமம் இருந்தது; 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி தரப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருந்தது. ஒரு வங்கி எழுதிய வரைவோலையை அதன் மானேஜரைக் கண்ணால் கண்டிராத இன்னொரு வங்கி மதிப்பதில்லையா, அந்த மாதிரிக் காகிதம் அது. இவருக்கு ஓட்டத் தெரியும் என்று அது உத்தரவாதம் சொல்லும். எங்கள் சாலையைப் படிக்கத் தெரியும் என்று சொல்லாது.

இரண்டு நாட்டிலும் இடது பக்கம்தான் போகிறோம். அதனால் அவருக்கும் பயமில்லை, எனக்கும் பயமில்லை. இப்போது யோசித்தால் அதுவே தவறு என்று படுகிறது. 1967 செப்டம்பர் 3 காலை 5 மணிக்கு ஸ்வீடன் தேசம் முழுவதும் இடத்திலிருந்து வலத்துக்கு மாறியது. பெருநாசம் நேரும் என்று பயந்தார்கள். நேர்மாறாக, தொடக்கத்தில் விபத்துகள் குறைந்தன. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் மனிதன் விழித்திருக்கிறான். ஒன்றுபோல் இருக்கும் இடத்தில்தான் தூங்கிவிடுகிறான்.

காரவள்ளியிலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதுகளில் ஒரு வளைவு. மேலிருந்து ஒரு பேருந்து இறங்கியது. முன்விளக்கை இரண்டு முறை அடித்தது. அண்ணன் நன்றி சொல்வதுபோலக் கையைத் தூக்கிவிட்டு முன்னேறினார். பேருந்து நிற்கவில்லை. மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் இருவரும் பிரேக் போட்டார்கள். பதற்றத்தில் அண்ணன் பின்னால் எடுத்தார். பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு மலைவாசித் தம்பதி, நடுவே ஒரு மூட்டை அன்னாசி. வண்டி சாய்ந்து ஓரத்துச் சாக்கடைக் கால்வாயில் விழுந்தது. அந்த அம்மாளின் முழங்கால் சதை கிழிந்துவிட்டது. கணவர் பழங்களைப் பொறுக்கிக்கொண்டே, "பரவால்லைங்க, பாத்துப் போங்க" என்றார். கூட்டிப்போய் செம்மேட்டில் மருந்து வைத்துக் கட்டினோம். அவ்வளவுதான் சம்பவம்.

அன்றிரவு அண்ணன் விடவில்லை. "ஏறுகிற வண்டிக்குத்தானே தம்பி வழி? அவனே விளக்கும் அடித்தான்" என்றார். முதல் வாதம் சரி. மலைச்சாலையில் ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. இங்கிலாந்தின் விதிநூலும் கூடியவரை அப்படியே செய்யச் சொல்கிறது. இரண்டாவது வாதத்தைப் பிறகு அவர்கள் விதிநூலிலேயே தேடிப் பார்த்தேன். விளக்கை அடிப்பது நான் இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே, வேறெதையும் சொல்ல அல்ல; அதை அழைப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் அங்கே வழக்கத்தில் அது "நீ போ" என்றாகிவிட்டது. எங்கள் பக்கம் அதற்கு "நான் வருகிறேன், நில்" என்று பொருள். ஆக, எங்கள் பேருந்து ஓட்டுநர் தாம் படித்திராத ஆங்கிலப் புத்தகத்துக்கு நெருக்கமாக நடந்தார். அண்ணன் தாம் படித்துத் தேறிய புத்தகத்தை மீறினார். ஏறுகிறவனுக்கு வழி என்ற, இருவருக்கும் பொதுவான விதியை மீறியது ஓட்டுநர். யார் பக்கம் பேசுவது?

டேவிட் ஹ்யூம் 1751இல் ஒழுக்கத்தின் மூலத்தை விசாரிக்கும்போது வண்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் வழிவிடும் முறைகளையும் கவனிக்கிறார். பெரும்பாலும் அவை பரஸ்பரச் சௌகரியத்தில் பிறந்தவை, சில வெறும் தன்னிச்சையானவை என்பது அவர் எண்ணம். இந்தப் பிரிவினை எங்கள் மலைக்கும் பொருந்துகிறது. இடமா வலமா என்பதில் காரணம் எதுவும் இல்லை. எல்லோரும் ஒன்றைச் செய்தால் போதும். ஏறுகிறவனுக்கு வழி என்பதிலோ காரணம் மலையிலேயே இருக்கிறது. பாரத்தோடு சரிவில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம், பின்னால் உருளவும் கூடும். ஆனால் விளக்கைச் சிமிட்டுவது இரண்டிலும் சேராது. அது பேச்சு. பேச்சில் நான் என்ன சொன்னேன் என்பதோடு காரியம் முடிவதில்லை. கேட்கிறவன் யார் என்பதும் என் பொறுப்பாகிறது.

இந்த மலையின் பாவையும் அப்படித்தான். சங்கக் கவிகள் அறிந்திருந்த அந்தப் பாவை சிரித்து மயக்கிக் கொல்லும் என்பது கதை. ஊரை அறிந்தவனுக்கு அந்தச் சிரிப்பு எச்சரிக்கை, அயலானுக்கு அழைப்பு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பாவைக்கு மனம் இல்லை. எதிரே வருகிறவன் யார் என்று அது கேட்காது. மனம் உள்ளவர்களும் கேட்பதில்லை. ஒரு குறுகிய வழியில், விலகு, விலகமாட்டேன் என்ற தகராறில்தான் ஈடிபஸ் தன் தகப்பனைக் கொன்றான். அதை விதியின் விளையாட்டு என்றே இதுவரை வாசித்துவந்தேன். வழி தனக்கே உரியது என்று இருவரும் நம்பினார்கள் என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது.

இதுவரை எழுதியது மற்றவர்களைப் பற்றி. மறைத்ததை இனிச் சொல்ல வேண்டும்.

காரவள்ளி தாண்டியதிலிருந்து அண்ணன் எங்கள் ஜனங்களின் குறைகளை எண்ணிக்கொண்டே வந்தார். "அங்கே விளக்கடித்தால் நீ முதலில் போ என்று அர்த்தம். எவ்வளவு பண்பு பார்" என்று பத்து வளைவுக்கு முன்புதான் சொன்னார். எனவே பேருந்து விளக்கை அடித்த கணத்தில் அவர் என்ன புரிந்துகொள்வார் என்று எனக்குத் தெரியும். ஓட்டுநர் என்ன சொல்கிறார் என்பதும் தெரியும். அந்தச் சாலையில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "நில்லுங்கண்ணா" என்று சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. அவருக்கு இந்தச் சாலையே பதில் சொல்லட்டும் என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். அந்த நொடிக்கு விலை கொடுத்தது, எங்கள் தகராறு எதையும் அறியாமல் பின்னால் வந்த பெண்.

ஓட்டுநர் மீறியதற்கு விதி இருக்கிறது. அண்ணன் மீறியதற்கும் இருக்கிறது. பக்கத்து இருக்கையில் சும்மா இருந்தவனுக்கு எந்த நாட்டுப் புத்தகத்திலும் விதி இல்லை. அந்த இருக்கைக்கு உரிமமும் கேட்பதில்லை. ஒழுக்கம் வெறும் ஏற்பாடுதான் என்றால் நான் குற்றமற்றவன். அப்படி என்னால் நினைக்க முடியவில்லை என்பதைத் தவிர என்னிடம் வேறு நிரூபணம் இல்லை.

மறுநாள் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் எதிரே தெரிந்த ஒவ்வொரு விளக்குக்கும் நான் வாய்விட்டுப் பொருள் சொல்லிக்கொண்டே வந்தேன். அண்ணன் சிரித்தார், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி நின்றார். அவரிடம் இன்னும் நான் இதைச் சொல்லவில்லை.