தேரில் எது தேர்?

பழைய காரின் பெட்ரோல் டேங்க் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கினால், அதை வீட்டு வாசலிலேயே கழற்றி மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. பேட்டரி வயரைக் கழற்றி, மிச்சமிருக்கும் பெட்ரோலை வடித்து, வண்டியை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, குழாய்களைக் கழற்றி, டேங்க்கைத் தாங்கும் இரும்புப் பட்டைகளை விடுவித்தால் அது கையோடு இறங்கிவிடும். புது டேங்க் ஏறிய பிறகு ‘இது அதே கார்தானா’ என்று யாரும் கேட்பதில்லை. ஆர்.சி. புக்கிலும் ஓர் எழுத்து மாறுவதில்லை. அதே காரை சி.என்.ஜி.க்கு மாற்றினால் மட்டும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வருகிறது; பதிவைத் திருத்தியாக வேண்டும். எந்த மாற்றத்தோடு வண்டி வேறாகிறது என்பதற்கு இரும்பில் விடை இல்லை. என்ன தேவைக்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

இதைக் காருக்குச் சொன்னால் தலையாட்டுவோம். மனிதனுக்குச் சொன்னால் சண்டைக்கு வருவோம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டரை, பாலி நூலான ‘மிலிந்த பஞ்ஹா’ மிலிந்தன் என்கிறது. தேரில் வந்திறங்கிய அவனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்: ஏர்க்கால்தான் தேரா, அச்சா, சக்கரமா, எல்லாம் சேர்ந்த குவியலா, இவற்றுக்கு வெளியே வேறு ஏதாவதா? எதற்கும் ஆம் சொல்ல அரசனால் முடியவில்லை. உறுப்புகள் ஒன்றை ஒன்று சார்ந்து நிற்கையில் தேர் என்ற பெயர் வழங்குகிறது. நாகசேனன் என்ற பெயரும் அப்படித்தான் என்று முடிக்கிறார் துறவி. கட உபநிடதத்திலும் ஒரு தேர் உண்டு. அங்கே உடல் தேர், ஆன்மா உள்ளே அமர்ந்திருக்கும் உடையவன். நாகசேனர் அந்த இருக்கையைக் காலிசெய்துவிடுகிறார்.

அந்தக் காலி இருக்கையின் அருமை கோலார் தங்கவயலில் நன்றாக விளங்கும். சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த, தீண்டாமைக்கு ஆளான சாதிகளைச் சேர்ந்த தமிழர்கள். 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்ற அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃப்ஸும் கோட்டைகளாயின. பண்டிதருக்குப் பின் அவருடைய ‘தமிழன்’ இதழைக் கோ. அப்பாத்துரையார் இங்கிருந்துதான் நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை அச்சிட்டதும் இங்கிருந்துதான். பிறவிதோறும் மாறாமல் தொடரும் ‘நான்’ ஒன்று இல்லையென்றால், அதன்மேல் ஒட்டிக்கொண்டு வரும் உயர்வும் தாழ்வும் எங்கே ஒட்டும்? சாதிக்குச் சமயம் தந்த நியாயம் இந்த ஒரு கேள்வியில் ஆட்டம் கண்டுவிடுகிறது.

ஆனால் அதே ‘மிலிந்த பஞ்ஹா’வில் இதற்கு எதிரான இடமும் இருக்கிறது. மனிதர்கள் ஏன் ஒரே மாதிரி இல்லை என்று மிலிந்தன் கேட்கும்போது, உயர்குடிப் பிறப்புக்கும் இழிகுடிப் பிறப்புக்கும் அவரவர் வினையே காரணம் என்கிறார் நாகசேனர். இதை மழுப்பிப் பயனில்லை. தேரைப் பிரித்துக் காட்டியவரே இங்கே பிறப்பின் தட்டுகளை அப்படியே விட்டுவிடுகிறார். 1907இல் பௌத்தத்தின் சாரம் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிய சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசு, ஆன்மா உடல்விட்டு உடல் பாய்கிறது என்பதை ஏற்கவே இல்லை. தமிழ்ப் பௌத்தர்கள் பாலி நூலை மீறினார்கள் என்று நூலறிஞர்கள் குறை சொல்லலாம். தேர் வாதத்தை அது போகும் எல்லைவரை கொண்டுபோனார்கள் என்பதே என் கணிப்பு.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மாறாத ‘நான்’ இல்லையென்றால் பொறுப்பு யாருடையது? நேற்று செய்தவன் வேறு, இன்று நிற்பவன் வேறு என்று எவனும் தப்பிக்கலாமே. இதற்கு நாகசேனர் சொன்ன உதாரணம் நம் டேங்க்குக்கு வெகு அருகில் இருக்கிறது. ஒருவன் விளக்கேற்றிச் சாப்பிடுகிறான். சுடர் கூரையைப் பற்றி ஊரே எரிகிறது. ‘நான் சாப்பிட்ட வெளிச்சம் வேறு, ஊரை எரித்த தீ வேறு’ என்கிறான். அரசன் அவனை விடுவானா? மாட்டான்; அந்தத் தீ இந்தச் சுடரிலிருந்து வந்தது, அது போதும். பெட்ரோலும் இதே கணக்குதான். நிறைந்த டேங்க்கைவிட வடித்த டேங்க்தான் ஆபத்தானது. நிறைந்ததற்குள் எரியப் போதிய காற்று இல்லை. வடித்ததில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் ஆவி இருந்தால் ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து அடுத்த வீட்டு அடுப்புவரை போகும். சுவரோடு சுவர் ஒட்டிய தங்கவயல் லைன் வீடுகளுக்கிடையே ‘பெட்ரோலைத்தான் வடித்துவிட்டேனே’ என்ற பதில் எடுபடாது. மையம் என்று ஒன்று இல்லாவிட்டாலும் தொடர்ச்சி உண்டு. பொறுப்பு அதன் வழியே வருகிறது.

இந்தப் பாதியைச் சேர்த்துக்கொள்ளாமல் தேர் வாதத்தைப் பேசினால் அது வலியவர்களுக்கு வசதியாகிவிடும். தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1956இல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது, 1962இல் அது மத்திய அரசின் கைக்குப் போனது, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது, 2001இல் மூடப்பட்டது. முதலாளி, பெயர், இயந்திரம், ஆட்கள் என்று எல்லாப் பாகங்களும் மாறிவிட்டன. மிஞ்சியவை, தங்கம் பிரித்தபின் கொட்டிய மூன்று கோடி டன்னுக்கும் மேலான மண் குவிந்த சயனைடு மேடுகளும், காற்றடித்தால் அவற்றிலிருந்து வீடுகளுக்குள் வரும் தூசியும். அன்றைய கம்பெனி வேறு, இன்றைய நிர்வாகம் வேறு என்று இங்கே சொல்வது விளக்கேற்றியவனின் வாதமேதான். வாங்கியவன் பழைய பழியை எல்லாம் சுமப்பது அநியாயம் என்பார்கள். பழைய சொத்தையும் தொடாதவனுக்கு அது பொருந்தும். அந்த மேடுகளில் எஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைந்தது; மண்ணில் உள்ள தங்கம் யாருடையது என்பதில் யாருக்கும் அங்கே சந்தேகம் எழவில்லை.